குப்புராஜுக்கு ஓலை வாசித்தவர்

தெருமுனையில் நின்று, கக்கத்தில் ஒரு செவலைக் கோழியை இடுக்கிக்கொண்டு, உபதேசியார் கஸ்பார் இரண்டாம் முறையாகக் கேட்கிறார். "இந்தக் கோழி யாருதுங்க? பாத்தியதை உள்ளவங்க வந்து சொல்லலாமுங்க." கோழி அவர் விலாவைக் கொத்துகிறது. தெருவில் ஒருவரும் அசையவில்லை. கோழி சாலம்மாளுடையது என்று தெருவுக்கே தெரியும்; கஸ்பாருக்கும் தெரியும். சாலம்மாள் தன் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தபடி அவர் மூன்றாம் முறை கேட்பதற்காகக் காத்திருக்கிறாள். மூன்று தரம் கேட்டு, வேறு எவரும் உரிமை கொண்டாடவில்லை என்று ஆன பிறகுதான் கோழி கைமாறும். அதற்கு முன்னால் அவளே வந்து கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார்.

உபதேசியார் என்பது வேலை நிறைந்த, கூலி குறைந்த உத்தியோகம். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சூசையூரில் மாதா கோயில் உண்டு, சாமியார் இல்லை. பங்குச் சாமியார் எப்போதாவது ஒரு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மணியடிப்பதும், ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வதும், சாவு விழுந்தால் பெட்டிக்கு முன்னால் பாடிக்கொண்டு நடப்பதும் கஸ்பார்தான். குச்சி உடம்பு, அதற்குள் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று வியக்கும்படியான கணீர்க் குரல். மூக்குப்பொடி போடுவார், ஆனால் கோயில் வளாகத்துக்குள் போட மாட்டார். ஜெபத்துக்கு நடுவே பொடி நினைப்பு வந்துவிட்டால், சனங்களை ஒரு நீண்ட பாட்டில் மாட்டிவிட்டு, கேட்டைத் தாண்டி ஓடிப் போய்த் தும்மிவிட்டு, பாட்டு முடிவதற்குள் திரும்பி வந்துவிடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். குழம்பில் உப்புக் குறைவு என்று தோன்றினால் உடனே சொல்லிவிட மாட்டார். மகனைச் சுவைக்கச் சொல்வார், மருமகளைச் சுவைக்கச் சொல்வார், கடைசியில் மனைவி ஞானமேரியிடமே கரண்டியை நீட்டி, "நீயும் உன் பக்கத்தைச் சொல்லிடு" என்பார். "உப்பு டப்பா உன் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குது. அதை எடுத்துப் போட்டுக்கறத வுட்டுட்டு கோர்ட்டு நடத்துது" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தப் பழக்கம் அவருக்கு ஓலையிலிருந்து வந்தது. கிறிஸ்தவர்களுக்குள் ஒரு கல்யாணம் நிச்சயமானால், அடுத்தடுத்து மூன்று ஞாயிறு கோயிலில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வாசிப்பார்கள். இவர்களுக்குள் விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அந்த வாசிப்பு முடியும். அதற்குப் பெயர் ஓலை. மற்ற ஊர்களில் இதைக் கடனே என்று வாசித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கஸ்பார் வாசித்து முடித்த பின், ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லும் நேரத்துக்கு வாய் பேசாமல் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். சும்மா வந்தவர்களுக்குக்கூட வியர்த்துவிடும்.

அப்படி நின்றதில்தான் ஒரு தரம் கோலார் தங்கவயல் மாப்பிள்ளை அகப்பட்டான். கைக்கடிகாரமும் டெரிலின் சட்டையுமாக வந்து ஊரையே மயக்கி வைத்திருந்த பையன். மூன்றாம் ஓலை முடிந்து கஸ்பார் நிற்கையில், பின்வரிசையிலிருந்து ராயம்மாள் எழுந்தாள். "அவருக்கு அங்க சம்சாரம் இருக்குதுங்க. நானு அந்தப் புள்ள கையால தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கேன்." கல்யாணம் அன்றோடு நின்றது. ஆனால் கஸ்பார் பெருமையாகச் சொல்வது இந்தக் கதையை அல்ல. ஒரு கூலிக்காரப் பெண்ணைப் பற்றி ஊரில் கசமுசாவென்று பேச்சு கிளம்பியிருந்த சமயம், அவளுக்கு மூன்று ஓலையும் வாசித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுவாரம் டீக்கடையில் ஒருவன் பழைய பேச்சை எடுத்தபோது, கஸ்பார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரே போய் நின்றார். "வாசிச்சப்ப உன் வாயி எங்க போயிருந்துச்சு? அப்பச் சொல்லாதது இப்பச் செல்லாது." அந்தப் பேச்சு அத்தோடு அடங்கியது. ஓலை என்பது பிடிப்பதற்கு மட்டும் அல்ல, விடுவிப்பதற்கும்தான் என்பது அவர் கட்சி.

இனி வரும் கதையைக் கேட்டுவிட்டு அவரைச் சர்க்காருக்கு ஆகாத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. சீனாக்காரன் சண்டையின்போது யுத்த நிதிக்கு ஞானமேரியின் கம்மலைக் கழற்றிக் கொடுத்தவர். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. பாகிஸ்தான் சண்டையில் பொம்மிடிப் பக்கம் ரயில் தண்டவாளத்தைக் காவல் காக்கக் கழியோடு போனவர்களில் இவரும் ஒருவர். காவலுக்குப் போன இடத்தில் வழிதவறி வந்த ஒரு எருமையை நிறுத்தி வைத்து யாருடையது என்று மூன்று தரம் கூவியதாக உடன் போனவர்கள் சொல்கிறார்கள். அவர் மறுக்கவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில், அவசர நிலை நடப்பில் இருந்தபோது, சைக்கிள் கடை குப்புராஜைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பஸ் நிறுத்தத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஆள். சனங்களோடு அதிகம் பேசாமல் பஞ்சரோடு பேசுகிற சுபாவம். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தவரை ஜீப்பில் ஏற்றினார்கள். கட்சி கிட்சி எதிலும் இல்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் அவரிடம் சைக்கிள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என்ன விஷயம் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் ஒரே சொல்: மிசா. நாட்டின் பாதுகாப்புக்காக யாரையும் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற சட்டம். அந்த நாட்களில் அந்தச் சொல்லைக் கேட்டாலே அடுத்த கேள்வி தொண்டைக்குள் போய்விடும்.

குப்புராஜின் மனைவி மாதம்மாள் ஸ்டேஷனுக்கு நடந்தாள், தாலுகா ஆபீசுக்கு நடந்தாள், வெளியூர் ஜெயிலுக்குப் பஸ் ஏறிப் போய் வாசலோடு திரும்பி வந்தாள். எங்கேயும் கதவு திறக்காமல், கடைசியில் மாதா கோயில் வளாகத்துக்குள் வந்து கஸ்பாரின் எதிரே நின்றாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள், கோயில் படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். "தப்புப் பண்ணியிருந்தா இன்ன தப்புன்னு சொல்லட்டுமுங்க. நானே நாலு வார்த்தை கேக்கறேன். அவரையும் கேக்க வுடல, என்கிட்டயும் சொல்லல. என்னான்னு நெனைச்சு அழுவுறதுன்னுகூடத் தெரியலீங்க" என்றாள். அன்று மாலை கஸ்பார் மணியடிக்கக்கூட மறந்துவிட்டார். ஊரில் ஒருவருக்கும் நேரம் தெரியாமல் போய், ஆடுகள் தாமதமாகப் பட்டிக்கு வந்தன.

அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் வந்திருந்தார். கஸ்பார் உடுப்பு மாற்றும் அறைக்குப் போய், இன்றைக்கு ஓர் ஓலை இருக்கிறது என்றார். யாருக்குக் கல்யாணம் என்று சாமியார் கேட்டார். "கல்யாணம் இல்லீங்க சாமி. குப்புராஜுக்கு." விஷயம் புரிந்ததும் சாமியார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஓலை கல்யாணத்துக்குத்தான் கஸ்பார்." "ஒரு ஆணையும் பொண்ணையும் சேத்து வெக்கறதுக்கே ஊரை மூணு தரம் கேக்கறோமுங்க சாமி. இங்க புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிச்சு வெச்சிருக்குது. அதுக்கு ஒரு தரமாவது கேக்க வேணாமுங்களா?" சாமியார் வெகுநேரம் அங்கியின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். பிறகு, "கோயிலுக்குள்ள வேணாம்" என்றார். வெளியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கஸ்பார் அதைக் கவனித்துக்கொண்டார்.

பூசை முடிந்து சனங்கள் வெளியே வரும்போது, கொடிக்கம்பத்து மேடையில் ஏறி நின்று வாசித்தார். கையில் காகிதம் கிடையாது. "சூசையூர் பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சின்னப்பையன் மகன் குப்புராஜ் என்பவர் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறார். இவர்மேல் குற்றம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். முதல் ஓலை." பிறகு வழக்கம்போல வாய் பேசாமல் நின்றார். செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் தேடினார்கள். நிமிர்ந்தவர்கள் சாலையைப் பார்த்தார்கள். ஞானமேரி மட்டும் மேடைக்குப் பக்கத்தில் போய், அவர் வேட்டி நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

சேதி பரவி இரண்டாம் ஞாயிறு கூட்டம் கூடிவிட்டது. அக்கம்பக்கத்துக் கவுண்டர் வீட்டு ஆட்கள், சந்தைக்குப் போகும் வழியில் நின்றவர்கள், வத்தல்மலையிலிருந்து கேழ்வரகு கொண்டுவந்த இருவர், எல்லோரும் கேட்டுக்கு வெளியே. அன்றைக்கு இரண்டாம் ஓலையை வாசித்து முடித்ததும் வாய்கள் திறந்தன. முதலில் பச்சியப்பன். "தண்டவாளத்துக்கிட்ட அவன் கடை சைக்கிள் கெடந்துச்சுன்னு சொல்றாங்க உபதேசியாரே."

"நீ பாத்தியா?"

"நான் பாக்கலீங்க. சொன்னாங்க."

"சொன்னவரு பாத்தாரா?"

பச்சியப்பன் தலையைச் சொறிந்தான். "அவருகிட்டயும் யாரோ சொல்லியிருப்பாங்க."

"அப்படின்னா பாத்தவர வரச் சொல்லு. அவரு வர்ற வரைக்கும் இது நிக்காது." இன்னொருவன், வாடகைக்கு எடுத்த சைக்கிளின் பிரேக் பிடிக்காமல் கிணற்று மேட்டில் விழுந்த கதையைச் சொன்னான். கஸ்பார் அதையும் முகம் மாறாமல் முழுக்கக் கேட்டார். "இது குத்தந்தான். இதுக்கு ஜெயிலு போடலாமா?" அவன் சற்று யோசித்து, "ஜெயிலு வேணாமுங்க. ஒரு நாளு வாடகையை வுட்டாப் போதும்" என்றான். கூட்டம் சிரித்தது. அந்த ஊர் பல நாளைக்குப் பிறகு ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு அடங்குவதற்குள் போலீஸ் ஏட்டு மாது சைக்கிளிலிருந்து இறங்கி, "உபதேசியாரே, எஸ்.ஐ. கூப்புடறாருங்க" என்றார்.

சப் இன்ஸ்பெக்டர் வயதில் சின்னவர். பல நாள் தூங்காத கண்கள். கெட்டவர் அல்ல என்று கஸ்பாரே சொல்கிறார், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாராம். "மலையடிவாரத்துல வெடிமருந்தோட ஒருத்தனப் பிடிச்சோமே, ஞாபகம் இருக்குதா? சொல்லிட்டுப் போயிருந்தா அவன் உக்காந்துட்டு இருந்திருப்பானா? தகவல் குடுத்தவன் யாருன்னு வெளிய வந்தா, அவன் குடும்பத்தை யாரு காப்பாத்தறது? நாட்டுக்கு ஆபத்து வர்றப்ப எல்லாத்தையும் மேடை போட்டுப் பேச முடியாதுங்க."

கஸ்பார் டீயை முழுக்கக் குடித்துவிட்டுப் பேசினார். "நீங்க சொல்றது நெசந்தானுங்க. பிடிக்கறத யாரும் வேணாங்கல. சொல்லாமத்தான் பிடிக்கணும். ஆனாப் பிடிச்சு உள்ள வெச்சுப் பூட்டுனப்புறம் அந்த ஆளு எங்க ஓடிடப் போறாருங்க? தகவல் சொன்னவன் பேரு வேணாம். இன்ன குத்தம்னு அந்த ஆளுக்குச் சொன்னா, நாடு என்னங்க ஆயிடும்?"

எஸ்.ஐ. ஜன்னலைப் பார்த்தார். "இன்னொரு தரம் வாசிச்சா உங்களையும் அதே வண்டியில ஏத்தச் சொல்லுவாங்க. என்னால தடுக்க முடியாது."

"ஏத்துனா எனக்குக் காரணமாச்சும் தெரிஞ்சிருக்குமுங்க. குப்புராஜுக்கு அதுவும் இல்ல."

வாய்தான் இப்படிப் பேசியது. கண் கதவுப் பக்கம் போனது. வெளியே வேப்பமரத்தடியில் ஞானமேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது. அவளைப் பார்த்த பிறகு கஸ்பார் இறங்கி வந்தார். "நீங்க சொல்ற வரைக்கும் நிறுத்தி வெக்கிறேனுங்க. ரத்துப் பண்ண மாட்டேன்" என்றார். அந்த வித்தியாசம் எஸ்.ஐ.க்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. போகலாம் என்று கையைக் காட்டினார்.

அந்த வருஷம் கஸ்பாருக்கு நல்ல வருஷம் அல்ல. ஞாயிறு ஜெபம் முடிந்ததும் கொடிக்கம்பம் வரை நடப்பார், மேடையைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். பயந்துவிட்டோமே என்ற வெட்கம் அவரை அரித்தது. பஸ் நிறுத்தத்தில் மாதம்மாளே கடையைத் திறந்து வைத்துக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் கஸ்பார் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். கோழி தொலைந்தால்கூட அந்த நாட்களில் அவர் கூவவில்லை. சாலம்மாள் தானாகத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாசியில், தேர்தல் அறிவித்த கையோடு குப்புராஜை விட்டார்கள். காரணம் சொல்லாமல் பிடித்தவர்கள் காரணம் சொல்லாமலே விட்டார்கள். "கேட்டைத் தொறந்தாங்க, போன்னாங்க, வந்துட்டேன்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஜெயில் அவர் உடம்பில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை அனுப்பியிருந்தது. ஊர் அவரைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கியது. "போலீசு என்ன, வேலையத்துப் போயா பிடிப்பாங்க? என்னமோ இருக்கப் போய்த்தானே?" சைக்கிள்கள் வரிசை குலையாமல் நின்றன, எடுக்க ஆள் இல்லை. மகள் தங்கம்மாளுக்கு நல்லம்பள்ளியில் பேசி முடித்திருந்த சம்பந்தக்காரர்கள், பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அவர்கள் குறை சொல்லவில்லை. குறை என்னவென்று தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு.

அதைக் கேட்ட அன்றைக்குத்தான் கஸ்பார் பல மாதங்களுக்குப் பின் நேர் வழியில் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். "ஒரு ஓலை பாக்கி இருக்குது குப்புராஜு. வாசிச்சுடலாம்."

"வுடுங்க உபதேசியாரே. ஊரு வாயை அடைக்க முடியாதுங்க."

"அடைக்க வேணாம். தொறக்கச் சொல்லுவோம்."

தான் வாக்குக் கொடுத்திருந்த எஸ்.ஐ.யிடம் அனுமதி வாங்க ஸ்டேஷனுக்குப் போனார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவசர நிலையும் எடுத்தாகிவிட்டது. இனி யாரையும் கேட்க வேண்டாம் என்று மாது ஏட்டு சொன்னார். அப்படியும் பங்குச் சாமியார் ஒரு சிக்கலை எடுத்தார். ஓலை வாசித்து ஆறு மாதம் கடந்தால் செல்லாது, மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். கஸ்பார் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "உள்ள இருந்த காலத்தை எப்படிங்க சாமி கணக்குல சேக்கறது?" என்று கேட்டார். சாமியார் சட்டப் பேச்சை அத்தோடு விட்டார்.

மூன்றாம் ஓலைக்கு வளாகம் கொள்ளவில்லை. நல்லம்பள்ளியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனும் வந்து புளியமர நிழலில் நின்றார். மேடைக்குக் கீழே குப்புராஜ் தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் மாதம்மாள், நிமிர்ந்து. கஸ்பாரின் குரல் அன்றைக்குக் கொஞ்சம் பிசிறடித்தது. வாசித்து முடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பச்சியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்தவரு யாராச்சும் வந்திருக்கீங்களா?" யாரும் வந்திருக்கவில்லை. கேட்டருகே சைக்கிளோடு நின்ற மாது ஏட்டை அவர் கண் தேடிப் பிடித்தது. "ஏட்டய்யா, உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் சொல்லலாமுங்க. கடமைதானுங்க."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். "ஆளைப் பிடின்னு சொன்னாங்க, பிடிச்சோம். எதுக்குன்னு எங்களுக்கும் சொல்லலீங்க" என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. நல்லம்பள்ளிக்காரர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று சிலர் கிளம்பவும் தொடங்கினார்கள். ஆனால் கஸ்பார் இறங்கி வந்து, குப்புராஜின் கையைப் பிடித்து மேடைமேல் ஏற்றினார்.

"ஊரைக் கேட்டாச்சு, போலீசையும் கேட்டாச்சு" என்றார். "உன்னைத்தான் குப்புராஜு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

கிளம்பியவர்கள் நின்றார்கள். குப்புராஜின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "பேசுப்பா" என்று பின்னாலிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். கஸ்பார் திரும்பாமலே கையை உயர்த்தி அந்தக் குரலை அடக்கினார். பிறகு வெளுத்த வேட்டியோடு மண்ணிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டு, முகத்தை அவரிடம் உயர்த்தினார்.